படலையில் கட்டிய வேப்பிலை

எங்கள் வீட்டு வாசல் படலையில் இரண்டரை மாதம் வேப்பிலை தொங்கியதைப் பற்றி வட்டக்கச்சியில் மூன்று விதமான கதை உலாவுகிறது. கொரோனா போன கையோடு எனக்கு அம்மை போடும் அம்மாள் வருத்தமும் வந்ததாம் என்பது முதலாவது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் எனக்குக் கொஞ்சம் மூளை கலங்கிவிட்டதாம் என்பது இரண்டாவது. மச்சாள் வீட்டுக் கலியாணத்தைக் குழப்புவதற்கென்றே நான் கட்டினேனாம் என்பது மூன்றாவது. மூன்றையும் என் காதாலேயே கேட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்கிறவளுக்கு ஊர்க்கதை தேடிப் போகாமலே வந்து சேரும். மூன்றும் பொய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் அந்தச் சங்கக்கடையின் மனேச்சர். பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். சீனி நிறுப்பதும் நான்தான், கடை கூட்டுவதும் நான்தான். என் கணவருக்கு வாய்க்கால் ஓரமாக இரண்டரை ஏக்கர் வயல். ஒரே மகள் சுகந்தியை ஓமந்தையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் லொறி ஓட்டுகிறார். அப்போது சுகந்திக்கு ஆறு மாதம், தலைப்பிள்ளை. தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான் என்பதால் ஏழாம் மாதம் அழைத்து வர நாளும் பார்த்து வைத்திருந்தோம். அதற்குள் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது.

பால்மா வருகிறது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், விடியும்போதே கடை வாசலில் வரிசை நிற்கும். ஒரு மீற்றர் இடைவெளிக்கு நான் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தேன். ஒரு வட்டத்துக்குள் நாலு பேர் நின்றார்கள். முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது, நாடிக்குக் கீழே. நான் கத்தினேன். "அக்காவுக்கு எப்பவும் கோவம்தான்" என்று சிரித்தார்கள். அந்த வரிசையில் யாரோ ஒருவர் கொடுத்ததுதான் என் வருத்தம். யார் என்று நான் தேடவில்லை. தேடினால் பாதி ஊரோடு கதை பேச்சு நின்றுவிடும்.

காய்ச்சல், உடம்பு நோ. பனடோலும் கொத்தமல்லித் தண்ணியுமாக மூன்று நாள் போனது. நாலாம் நாள் குசினியில் மீன்குழம்பை வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னாலேயே நின்றேன். இவர் முற்றத்திலிருந்து ஓடி வந்தார்.

"என்னப்பா, சட்டி கரிஞ்சு புகை எழும்புது. உமக்கு மணக்கேல்லையே?"

சட்டியைப் பார்த்தேன். குழம்பு கரியாகிக் கிடந்தது. எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்கிறவர், ஆட்களோடு வீட்டுக்கே வந்து சோதித்தார். அன்ரிஜன் சோதனை என்பது மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுப்பது. கால் மணித்தியாலத்தில் ஒரு கோடா இரண்டு கோடா என்று காட்டும். இரண்டு என்றால் இருக்கிறது. எனக்கு இரண்டாவது கோடு முதலாவதை விடத் தடிப்பாக வந்தது. பிறகு விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது சொல்லும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தெட்டு. நான் நின்று கதைத்துக்கொண்டுதான் இருந்தேன், மூச்சு முட்டுவதாகக்கூடத் தெரியவில்லை. இந்த வருத்தத்தின் கள்ளத்தனமே அதுதான். அம்புலன்ஸ் வந்தபோது அயலெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்தது. ஏறும்போது ஒரு கையை உயர்த்திக் காட்டினேன். தேர்தலில் நிற்கிறவர் மாதிரி இருந்தது என்று பிறகு இவர் சொன்னார்.

கொரோனா வாட்டில் பதின்மூன்று நாள் இருந்தேன். எக்ஸ்ரேயில் என் சுவாசப்பை இரண்டிலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. பெண் டொக்டர் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அம்மா, இதுதான் நியூமோனியா. காத்து நிக்கவேண்டிய இடத்தில சளியும் வீக்கமும் நிக்குது. ஒட்சிசன் தாறம். ஆனா பாதி வேலை நீங்கள்தான் செய்யவேணும். குப்புறப் படுங்கோ."

குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கச் சுவாசப்பை விரிந்து காற்று கூடப் போகுமாம். ஐம்பத்தொரு வயதில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஒரு ஊசி. வீக்கம் வற்ற விழுங்குவதற்கு ஒரு குளிசை, அது இரத்தத்தில் சீனியை ஏற்றிவிட, அதற்கு வேறொரு ஊசி. ஊரெல்லாம் சீனிக்கு வரிசையில் நிற்க, எனக்கு மட்டும் சீனி கூடிவிட்டது என்று சொன்னேன். நேர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டு ஊசியைப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் இலவசம். செலவென்றால் போனுக்குப் போட்ட காசுதான்.

பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் இவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே நின்று, மூன்று தரம் ஹோர்ன் அடிப்பார். நான் யன்னலால் கையைக் காட்டுவேன். அவ்வளவுதான் சந்திப்பு. இருபத்தெட்டு வருசத்தில் ஒரு தேத்தண்ணி போட்டு அறியாத மனுசன், புட்டு அவித்துக் காவலாளியிடம் கொடுத்துவிடுவார். கல் மாதிரி இருக்கும். எனக்கு ருசி தெரியாதது இருவருக்குமே நல்லதாகப் போயிற்று. ஒரு நாள் பார்சலுக்குள் காட்போட் துண்டில் எழுதி வைத்திருந்தார்: "மாடு கண்டு போட்டிட்டுது. கிடாரி. கெதியா வாரும்." அந்தத் துண்டை இப்போதும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ராசாத்தி இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், பிறந்தது வன்னியில்தான். மற்றவர்களின் தோட்டங்களில் கூலி வேலை. நாற்பது வயதுகூட இருக்காது. அவளுக்கு இது இரண்டாம் தரம் என்று நேர்ஸ் சொன்னபோது, இரண்டு தரம் தொற்றியதாக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒரே வருத்தம்தான். சுகமென்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பத்து நாளில் திரும்பி வந்திருந்தாள். ஒட்சிசன் முகமூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வசனத்துக்கு வசனம் மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போனதும் எல்லாரும் கேட்டாங்க அக்கா, சொகமான்னு. மனசு கோணக் கூடாதேன்னு சொகம்னு சொல்லிட்டேன். மறுநாளே தோட்டக்காரரு ஆள் அனுப்பிட்டாரு, கச்சான் கடலை பிடுங்க. மூணு நாள் பிடுங்கினேன். நாலாம் நாள் அந்த வரப்புலயே விழுந்துட்டேன்."

"வேலைக்கு வரேலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொகம்னு சொன்னவ எப்புடிக்கா சொல்லுவா?" கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டாள். "நீங்க போனா அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க."

நான் வீட்டுக்குப் போகும் நாளில் அவளை யாழ்ப்பாணத்துக்கு, தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தன் மகளின் போன் இலக்கத்தை என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள். என்னை அனுப்பும்போது டொக்டர் இரண்டு விசயம் சொன்னார்.

"இன்னும் ரெண்டு கிழமை வீட்டில தனிய இருங்கோ. அதுக்குப் பிறகு உங்களிட்ட இருந்து ஆருக்கும் தொத்தாது. ஆனா சுவாசப்பை ஆற மாசக்கணக்காகும். அவசரப்படாதேங்கோ. வீட்டில ஆராவது பலவீனமான ஆக்கள் இருக்கினமோ?"

மகள் கர்ப்பிணி, என்னிடம் வரப் போகிறாள் என்றேன்.

"அப்ப கவனம். அவவுக்கு உங்களால பயமில்லை. பார்க்க வாற ஆக்களாலதான் பயம்."

இதைத்தான் ஊருக்கு விளங்கப்படுத்த முடியாமல் போயிற்று. நான் அவர்களுக்குப் பரப்பிவிடுவேன் என்று பதினான்கு நாள் பயந்தார்கள். பி.எச்.ஐ. வந்து படலையில் ஒட்டிய தனிமைப்படுத்தல் கடதாசி இருந்தவரை ஒரு காகமும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கடதாசியின் நாள் முடிந்ததும், அவர்கள் எனக்குக் கொண்டுவந்து தரக்கூடும் என்று நான் பயப்படத் தொடங்கினேன். நாட்டையும் அதே கிழமைதான் திறந்தார்கள். ஊரடங்கு இல்லை, பஸ் ஓடுகிறது, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு எல்லோருக்கும்.

எங்கள் பக்கத்தில் வருத்தம் பார்க்கப் போகாமல் விட்டால் அது பகை. செத்த வீட்டுக்குப் போகாததைக்கூட மன்னிப்பார்கள், வருத்தம் பார்க்க வராததை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே கடதாசி கிழிந்த அன்றைக்கே ஒன்பது பேர் வந்தார்கள். பிஸ்கற் பெட்டி, திராட்சை, மோல்ற் போத்தல். கதிரைகளை நெருக்கிப் போட்டு இருந்தார்கள். தேத்தண்ணி கொடுக்காமல் விட முடியுமா? தேத்தண்ணி குடிக்க முகக்கவசத்தைக் கழற்றினார்கள். கழற்றியது பிறகு முகத்துக்குத் திரும்பவில்லை. ஒருவர் இருமினார். "இது மற்றதில்லை, பனிக்குளிர்" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள், "இப்ப சுகம்தானே?" நான் தலையை ஆட்டினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆட்டினேன்தான்.

சங்கத் தலைவரும் போன் எடுத்தார். "மனேச்சர், பதினாலு நாள் முடிஞ்சுதாமே. திங்கட்கிழமை கடை திறப்பமோ?" கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுத்தாலே மூச்சு வாங்க நிலத்தில் குந்துகிறவள் நான். "சீனி மூட்டையை நீங்கள் தூக்கிறியளோ?" என்று கேட்டேன். அவருக்கு இடுப்பு நோவாம். அந்தத் திங்கட்கிழமை கடை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுகந்தியை அழைத்து வருவதாக இருந்தது. மருமகன் நாளும் பொழுதும் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றி ஓடுகிறவர், அந்த வீட்டில் அவளை வைத்திருப்பது இன்னும் பயம். புதன்கிழமை காலையில் ராசாத்தியின் மகளுக்குப் போன் எடுத்தேன். அம்மா எப்படி என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அழவில்லை. "அம்மா முந்தாநாள் செத்துட்டாங்க ஆன்ட்டி. மூஞ்சியக் காட்டல" என்று மட்டும் சொன்னது.

போனை வைத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். அந்த ஒன்பது பேரின் கதிரைகளும் இன்னும் அடுக்கப்படாமல் கிடந்தன. எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கொக்கத்தடியை எடுத்துப்போய், கிணற்றடி வேம்பில் இரண்டு கொப்பை முறித்து, படலையின் இரண்டு தூணிலும் கட்டினேன்.

வேப்பிலை கட்டிய வீடு என்றால் அம்மாள் வருத்தம் இருக்கிற வீடு, அதாவது கொப்புளிப்பான். அந்த வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள், கொடுப்பதும் வாங்குவதும் இல்லை. வராததற்கு யாரும் கோபிப்பதில்லை, வரச் சொல்லாததற்கும் யாரும் கோபிப்பதில்லை. வருத்தம் மாறி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் தலைக்கு வார்த்து, இலையை அவிழ்க்கும் வரைக்கும் அப்படித்தான். தொற்று நோய்க்கு எப்படி நடக்க வேண்டும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியாமல் இல்லை. பி.எச்.ஐ.யின் கடதாசிக்குத்தான் தெரியாது.

நான் யாரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இலையைக் கட்டினேன். வந்தவர்கள் படலையில் நின்றார்கள், இலையைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை சுகந்தி வந்தாள். வயிறு முன்னால், அவள் பின்னால். படலையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஆருக்கு?" என்றாள். "ஊருக்கு" என்றேன்.

இரண்டு கிழமை நிம்மதியாகப் போனது. பிறகு மச்சாள் வந்தார்.

மச்சாள் இவருடைய தமக்கை. தாய் தகப்பன் போன பிறகு இவரை வளர்த்து எடுத்தவர். கொரோனாவால் இரண்டு தரம் தள்ளிப்போன மகனின் கலியாணத்துக்கு அடுத்த புதன்கிழமை நாள் வைத்திருந்தார். கையில் தட்டம், தட்டத்தில் அழைப்பிதழ். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"உனக்கு விசரே? பிள்ளைத்தாச்சியை அம்மாள் வீட்டுக்குள்ள வச்சிருக்கிறாய்?"

அவரிடம் மட்டும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "அம்மாள் இல்லை மச்சாள். வருத்தம் பார்க்க வாற சனத்தை நிப்பாட்டத்தான் கட்டினனான்."

மச்சாளின் முகம் இருண்டது. "பொய்க்கோ கட்டினனி?"

"பிள்ளைக்காகக் கட்டினனான்."

"அப்ப அவிழ். நான் உள்ள வந்து தட்டம் வைக்கவேணும்."

"அவிழ்க்க மாட்டன் மச்சாள்."

அவர் படலையில் கையை வைத்தார். பொய் என்று தெரிந்த பிறகும் தள்ளவில்லை. கலியாண வீட்டுக்காரி, வேப்பிலையைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"கலியாண வீட்டுக்காரியைத் தெருவில நிக்க வச்சிட்டாய். சரி. தம்பி எப்பிடி வரப் போறான்? மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைக்கிறது தாய்மாமன். வேப்பிலை கட்டின வீட்டுக்காரனை நான் எப்பிடிப் பந்தலுக்குள்ள விடுறது? அதை யோசிச்சனியே?"

யோசிக்கவில்லை. சத்தியமாக நான் அதை யோசிக்கவில்லை. வேப்பிலை வருகிறவர்களை நிறுத்தும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன். போகிறவரையும் நிறுத்தும் என்பது நினைவுக்கு வரவேயில்லை. பின்னால் இவர் மண்வெட்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தமக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். மச்சாள் தட்டத்தோடு திரும்பிவிட்டார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை இவருடைய தமக்கை மகன், இவர் தோளில் வளர்ந்த பிள்ளை. அந்தப் பாலையும் அறுகையும் அவன் தலையில் வைப்பதற்கு இவர் எத்தனை வருசம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். இவர் "அவிழும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சண்டை பிடித்திருப்பேன். அவிழ்த்திருக்க மாட்டேன். ஆனால் அதன் பிறகு எங்கள் வீடு பழைய வீடாக இருந்திருக்காது.

அடுத்த நாள் காலை முற்றம் கூட்டப் போனேன். இவர் படலையடியில் நின்று, வாடிப்போன இலைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுக் கொப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"காஞ்சு போச்சு. காஞ்சதைக் கட்டி வச்சா ஆர் மதிப்பினம்?" முடிச்சை இறுக்கினார். "நாலு மணிக்கு மதிலுக்கு வெளியில நிண்டவன் நான். இன்னொருக்கா அப்பிடி நிக்க என்னால ஏலாது."

கலியாண நாளில் பாட்டுப் பெட்டிச் சத்தம் வாய்க்கால் தாண்டி எங்கள் வீடு வரை கேட்டது. இவர் தோய்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வரம்பில் அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தார். மேளம் கொட்டி ஓய்ந்த பிறகுதான் எழுந்து வந்தார். அன்று நான் செய்தது சரி என்று நினைத்தேனா? நினைத்தேன். சந்தோசமாக இருந்தேனா? இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கலியாணம் முடிந்ததும் ஊர் படலையில் நின்று சொன்னது: "பார்த்தியளே, அவ்வளவு சனம் வந்தும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை." இருமலும் தடிமனும் வந்தவர்கள் இருந்தார்கள். யாரும் சோதிக்கப் போகவில்லை, ஆகவே அது கொரோனா இல்லை. நான் வாதாடப் போகவில்லை. "நல்லது. எங்கட வீட்டிலயும் ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

நாலு கிழமை கழித்துப் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் இலையை அவிழ்க்கவில்லை. இவர் கிழமைக்கு ஒரு தரம் புதுக் கொப்பு கட்டினார். சுகந்திக்கு இரண்டாவது தடுப்பூசி போட்டாயிற்று. நானும் கடைக்குப் போகத் தொடங்கினேன், அரைநாள் மட்டும், மூட்டை தூக்க வேறு ஆளோடு. வேப்பிலை வீட்டுக்காரி கடைக்கு வருகிறாள் என்று வரிசையும் தானாக ஒரு மீற்றர் தள்ளி நின்றது. சுண்ணாம்பு வட்டத்தால் முடியாதது அப்படி முடிந்தது.

முப்பத்தோராம் நாள், பேத்தி பிறந்த தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு. முதல் நாளே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் அடித்து நின்றது. மூன்றாம் தரம்தான் எடுத்தார்.

"மச்சாள், நாளைக்கு இலை அவிழ்க்கப் போறன். எனக்குத் தலைக்குத் தண்ணி வார்க்கவேணும். வேற ஆரையும் கேட்க நான் விரும்பேல்லை."

"பொய் வருத்தத்துக்கு என்னத்துக்குத் தண்ணி?"

"வருத்தம் பொய்யில்லை மச்சாள்."

போனை வைத்துவிட்டார். ஆனால் காலையில் வந்தார். முகக்கவசம் மூக்குக்கு மேலே ஒழுங்காக இருந்தது. படலைக்கு வெளியே நின்று, நான் அவிழ்க்கும் வரை ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவிழ்த்த இலையை மஞ்சள் தண்ணீர்ச் சருவத்துக்குள் போட்டேன். பேத்தியைப் பார்க்கப் போகும் முன் அவரே கிணற்றடிக்குப் போய் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார். இவர் தமக்கைக்குக் கதிரை கொண்டு வந்து வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் மச்சாள் அந்தக் கதிரையில் இருந்தார்.

பிறகு என்னைக் கிணற்றடியில் இருத்தி, செம்பால் அள்ளி ஊற்றினார். முதல் செம்பு கோபத்தோடு வந்தது, கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டாவதில் வேப்பிலை ஒன்று நெற்றியில் ஒட்டியது, அதை விரலால் எடுத்துவிட்டார். மூன்றாவதை ஊற்றுமுன் நிறுத்திக் கேட்டார்.

"இப்பவெண்டாலும் சுகமோ?"

வாய்வரை வந்த சொல்லை நிறுத்தினேன். முகமூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசிய ராசாத்தியை நினைத்தேன்.

"இல்லை மச்சாள், இன்னும் முழுக்கச் சுகமில்லை" என்றேன். "ஊத்துங்கோ."

மச்சாள் செம்பைச் சருவத்துக்குள் விட்டு, நிறைய அள்ளினார்.